பலகையில் இருந்த ஒன்பது

மேற்கு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வருடந்தோறும் மே மாதம் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். திறந்தவெளி மைதானம், சிமெண்டுத் தரை. சாயங்காலம் ஆனால் கணவாய்க் காற்று பலமாக வீசும். வெளியூர் அணிகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கும். வகுப்பறைப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்தும் ஓர் அணி வந்திருந்தது. அதன் பயிற்சியாளர் பொன்னையா மாஸ்டர். அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார். சில சமயம் அந்தப் பதில் மறுநாள்தான் வரும்.

அவரிடம் பள்ளி நாளிலிருந்து ஆடுகிறவன் திரவியம். வயது இருபத்தேழு. ஊரில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலை. அணியில் அவன் பெரும்பாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். வெள்ளிக்கிழமை நடந்த முதல் அரையிறுதியில், ஒரே ஒரு பந்தில் பேர் வாங்கிவிட்டான்.

ஆட்டம் முடியப் பன்னிரண்டு நொடி இருந்தது. எதிரணி அறுபத்தேழு, இவர்கள் அறுபத்தாறு. ஜெபா என்கிற ஜெபராஜ் ஐந்தாவது ஃபவுல் செய்து வெளியே போனான். மாஸ்டர் திரவியத்தை உள்ளே அனுப்பினார். எதிரணிக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் காற்றில் விலகிப் போயின. கேப்டன் காசிராஜன் பந்தைப் பிடித்து நீளமாக எறிந்தான். திரவியம் வாங்கி, ஓடாமல் தயங்காமல், பூங்காவில் விளையாடுகிறவன் மாதிரி எடுத்துப் போட்டான். விழுந்தது. அறுபத்தெட்டு, அறுபத்தேழு. விசில் ஊதியது.

போட்டுவிட்டு அவன் சிரித்தபடி நின்றான். அந்தச் சிரிப்பைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

சனிக்கிழமை காலை வகுப்பறையில் இட்லிப் பொட்டலங்களைப் பிரித்துவைத்துக்கொண்டு பேச்சு நடந்தது.

"கில்லர் இன்ஸ்டிங்க்ட்னா அது ரீகன்தான்," என்றான் ஜெபா. "வேற ஆள் கிடையாது."

ரீகன் வங்கி அணியின் ஆட்டக்காரன். அந்த அணி அன்று சாயங்காலம் இரண்டாவது அரையிறுதி ஆட இருந்தது.

"நீ அந்தக் காலத்துச் செல்லப்பா ஆடிப் பார்த்ததில்ல," என்றான் காசிராஜன். "கடைசி நிமிஷத்துல பந்து அவர் கைக்குப் போச்சுன்னா ஜனம் வீட்டுக்குக் கிளம்பிரும். முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அண்ணே, செல்லப்பா முப்பத்தொன்பது நிமிஷம் தூங்குவாராமே. கடைசி நிமிஷம் எழுப்பி விடணுமாமே."

"யார்றா சொன்னது?"

"எங்கப்பா. அவரும் செல்லப்பா டீம்தான். எழுப்புற வேலை அவருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். காசிராஜன் சிரிக்கவில்லை.

"சும்மா பேசாத. கடைசிப் பந்தைப் போடறது ஒண்ணு. எதிராளியை எந்திரிக்கவே விடாம அடிக்கிறது வேற ஒண்ணு. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

"ரீகனுக்கு ரெண்டும் இருக்குண்ணே. இருபது புள்ளி மேல இருந்தாலும் விடமாட்டான். போன வருஷம் ஒருத்தனுக்குக் கால் பிசகிருச்சு. அவன் நின்ன பக்கமே பந்தைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் போட்டான். முகத்துல ஒரு இரக்கம் இல்ல. அதெல்லாம் பிறவிலயே வரணும்."

"செல்லப்பா அப்படிப் பண்ணமாட்டார்."

"அதான் அவர் செல்லப்பா. இவன் கில்லர்." ஜெபா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "இங்க ஒருத்தன் இருக்கான் பாருங்க, பதினோரு வருஷமா ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தவன். நேத்து போட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க. எனக்கே வயிறு கலங்கிருச்சு. மாப்ள, அந்தச் சிரிப்பை எங்கடா வச்சிருந்த?"

திரவியத்தின் இட்லி பொட்டலத்தில் அப்படியே இருந்தது. சட்னி காய ஆரம்பித்திருந்தது.

"பாரு, பதில் சொல்லமாட்டான். கில்லர் எல்லாம் பேசமாட்டாங்க."

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கோமதிநாயகம் என்று பேர். அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு அதிகாரி. எல்லோரும் எழுந்தார்கள்.

"திரவியம் யாருப்பா?"

"நான்தான் சார்."

"வயசு?"

"இருபத்தேழு சார்."

"அடுத்த வருஷம் சர்க்கார் வேலைக்கு வயசு தாண்டிரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஒரு இடம் இருக்கு. நிரந்தர வேலை. எங்க டீம்ல ஆடறவங்க நிறைய பேர். கடைசி நேரத்துல கை நடுங்காத ஆள் இல்ல. நேத்து உன்னைப் பார்த்தேன். நாளைக்கு ஃபைனல்ல இன்னொரு தடவை பார்த்துட்டு, மேல எழுதிடறேன்." அவன் தோளைத் தட்டினார். "பயமே இல்லையே உனக்கு."

அவர் போனதும் காசிராஜன் திரவியத்தைக் கட்டிப்பிடித்தான். ஜெபா அவன் பொட்டலத்தில் இருந்த இட்லியை எடுத்து அவனுக்கே ஊட்டினான். திரவியம் மென்றான். வெளியே போய்க் குழாயடியில் துப்பினான். கை இரண்டும் ஐஸ் கம்பெனியில் இருப்பது போலச் சில்லிட்டிருந்தன.

மாஸ்டர் மைதானத்தில் இருந்தார். ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, கூடையில் அறுந்திருந்த வலையை நூல் கயிறு கொண்டு முடிந்துகொண்டிருந்தார். திரவியம் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பயப்படாம போடறது எப்படி?"

"நேத்து நீ போட்டியே."

திரவியம் அண்ணாந்து பார்த்தான். மேலே வலை அசைந்துகொண்டிருந்தது.

"நேத்து நான் பயப்படாததுக்குக் காரணம் இருக்கு மாஸ்டர்."

"ம்."

"நான் உள்ள வர்றப்ப பலகையைப் பார்த்தேன். நமக்கு அறுபத்தொன்பதுன்னு இருந்துச்சு. அவங்களுக்கு அறுபத்தேழு. ரெண்டு மேல இருக்கோம்னு நெனச்சேன். ஆட்டம் முடிஞ்ச மாதிரிதான்னு நெனச்சேன். பந்து வந்துச்சு, முன்னால யாரும் இல்ல, சும்மா போட்டேன். எல்லாரும் எம்மேல வந்து விழுந்து அழுதாங்க. ஏன் அழறாங்கன்னே எனக்குப் புரியல. அப்புறம் பலகையைப் பார்த்தா அறுபத்தெட்டுன்னு இருக்கு."

அந்த மைதானத்தின் மின்பலகை இடி விழுந்து கெட்டுப்போயிருந்தது. அதனால் பழைய மரப்பலகையை நிறுத்தி, ஏணி போட்டு, தகர எண்களை ஆணியில் மாட்டினார்கள். சைக்கிள் கடை நூர்தீன் அந்த வேலையைச் செய்தார். ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகரம்தான். மேலும் கீழும் ஓட்டை இருக்கும். எந்தப் பக்கத்தை மேலே வைத்து மாட்டுகிறோமோ அதுதான் எண்.

மாஸ்டர் முடிச்சை இறுக்கினார்.

"இன்னொரு கயிறு எடு."

எடுத்துக் கொடுத்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மாஸ்டர். சொல்ல முடியல. எனக்கு அது இல்ல மாஸ்டர். அவங்க சொல்றாங்களே, அது."

"எது?"

"அதான். கில்லர் இன்ஸ்டிங்க்ட். ஒரு பொட்டு கூட இல்ல. நேத்து ஒண்ணு கீழன்னு தெரிஞ்சிருந்தா என் கை பந்தையே பிடிச்சிருக்காது. நாளைக்கு எல்லாரும் கடைசிப் பந்தை எங்கிட்டதான் கொடுப்பாங்க. சார் பார்த்துட்டு இருப்பார். எல்லாருக்கும் தெரிஞ்சு போயிரும்."

மாஸ்டர் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்க மாஸ்டர். நாளைக்கு நான் பலகையைப் பார்க்கவே மாட்டேன். கடைசில உங்ககிட்ட எத்தனைன்னு கேப்பேன். என்னவா இருந்தாலும் ரெண்டு மேலன்னு சொல்லிருங்க."

மாஸ்டர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"நான் பொய் சொல்லிக் கேட்டிருக்கியா?"

"இல்ல மாஸ்டர். அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். நீங்க சொன்னா நம்பிருவேன்."

மாஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"சரி," என்றார். "கேட்டா சொல்றேன்."

நேற்றிலிருந்து முதல் முறையாகத் திரவியத்துக்கு மூச்சு முழுதாக வந்தது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து மாஸ்டர் கூப்பிட்டார்.

"நூர்தீனுக்குத் தோள்பட்டை வலி. இன்னைக்கு அரையிறுதிக்கு நீ ஏறி மாட்டு."

"நானா மாஸ்டர்?"

"ஸ்கோர் எழுதற மேஜைல சொல்ற எண்ணை மாட்டணும். அவ்வளவுதான்."

சாயங்காலம் திரவியம் ஏணியில் ஏறினான். ஏணி லேசாக ஆடியது. கீழே நூர்தீன் கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தகரத்தை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

"ஆறைப் பார்த்து மாட்டு தம்பி. வால் மேல போனா ஆறு. கீழ போனா ஒன்பது."

"சரி பாய்."

"நேத்து நானே ஒரு தடவை மாத்தி மாட்டிட்டேன். கடைசி நேரத்துல. மேஜைல இருந்து சத்தம் போட்டாங்க. உடனே திருப்பிட்டேன். நல்ல வேளை, யாரும் பார்க்கல."

திரவியம் ஏணியின் பக்கக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. வங்கி அணியும் உள்ளூர் அணியும். முதல் சில நிமிடங்கள் அவன் தகரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. தப்பாக மாட்டிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. தன்னால் இன்னொருவன் தன்னைப் போலச் சிரித்தபடி நின்றுவிடுவானோ என்று பயமாக இருந்தது. அதனால் மேஜையில் சொல்வதற்கு முன்பே எண்ண ஆரம்பித்தான். பந்து வளையத்தைத் தாண்டும்போதே அடுத்த எண் மனதில் வந்துவிடும். மேஜையிலிருந்து குரல் வரும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பான். அப்புறம் மாட்டுவான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகங்களைக் கவனித்தான்.

விசில் ஊதும் ஒவ்வொரு முறையும் ஆடுகிற பத்துப் பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் கையில் இருக்கும் தகரத்தைப் பார்த்தார்கள். சிலர் சட்டென்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்பாகத் திரும்புகிறவன் ரீகன். அவன் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.

இருபது புள்ளி மேலே போன பிறகும் ரீகன் திரும்பினான்.

ஐஸ் கம்பெனியில் சில சமயம் மேல் அடுக்கில் இருக்கும் கட்டி நழுவும். கீழே நிற்கிறவன் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்ப்பான். ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. அந்தப் பார்வையைத் திரவியம் பல தடவை பார்த்திருக்கிறான். ரீகன் பலகையை அப்படிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓடிப்போய் இன்னும் ஒரு பந்தைப் போட்டான். போட்டதும் மறுபடி அப்படியே பார்த்தான்.

வங்கி அணி எண்பத்தொன்று, உள்ளூர் அணி அறுபது. ஆட்டம் முடிந்தது.

திரும்பி வரும்போது ஜெபாவிடம் சொன்னான்.

"ரீகன் பயப்படறான்டா."

"எதுக்கு? உனக்கா?" ஜெபா சிரித்தான். "கில்லருக்குத் தெனாவெட்டு ஏறிருச்சுடோய்."

திரவியம் மாஸ்டரிடம் போனான். அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் ரீகன் முகத்தைப் பார்த்தேன்."

"எத்தனை எண் தப்பா மாட்டின?"

"ஒண்ணு கூட இல்ல மாஸ்டர்."

"எப்படி?"

"தப்பாயிருமோன்னு பயம். மேஜைல சொல்றதுக்கு முன்னாலயே எண்ணிட்டேன்."

மாஸ்டர் குழாயை மூடினார்.

"போய்ச் சாப்பிடு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி உட்கார இடம் இல்லை. வேப்பமரத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அதிகாரி கோமதிநாயகம் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரவியம் முதல் ஐந்து பேரில் ஒருவனாக இறங்கினான். கூட்டத்திலிருந்து யாரோ அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அவன் சொன்னபடி பலகையைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஓடும்போது தலையைக் குனிந்துகொண்டான். விசில் ஊதி மற்றவர்கள் திரும்பும்போது ஷூ கயிற்றைக் கட்டினான். கயிறு அவிழவே இல்லை. ஆனாலும் கட்டினான்.

ஒன்று மட்டும் அவன் கணக்கில் வராமல் போய்விட்டது. நேற்று ஏணியில் ஆரம்பித்த எண்ணிக்கை நிற்கவில்லை. பந்து வளையத்தைத் தாண்டும்போது எண் தானாக வந்தது. வேண்டாம் என்று நினைத்தான். வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான். ஐஸ் கட்டி எத்தனை உடைத்தோம் என்று நினைத்தான். அதுவும் எண்ணிக்கையாகவே வந்தது. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கிற சத்தம் மாதிரி அது ஓடிக்கொண்டே இருந்தது. இடைவேளையில் நாற்பது, முப்பத்தெட்டு. பிறகு ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு. அறுபத்தேழு, அறுபத்தெட்டு. ஒவ்வொரு எண்ணும் வயிற்றில் ஒரு துண்டு ஐஸ் போட்டது போல இறங்கியது.

கடைசியில் ரீகன் ஒன்று போட்டான். காசிராஜன் ஒன்று போட்டான். ஆறு நொடி மிச்சம் இருந்தபோது பந்து வங்கி அணிக்காரன் ஒருவன் கைபட்டு வெளியே போனது. மாஸ்டர் டைம்-அவுட் கேட்டார்.

ஐந்து பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள். வியர்வை சொட்டியது. காற்று அதைக் காயவைத்துக் குளிரடித்தது. கூட்டத்தின் இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை.

திரவியம் மாஸ்டரைப் பார்த்தான்.

"எத்தனை மாஸ்டர்?"

ஜெபா அவனை வினோதமாகப் பார்த்தான்.

மாஸ்டர் அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு மேல."

"என்ன மாஸ்டர்?" என்றான் ஜெபா. "நாம ஒண்ணு..."

மாஸ்டர் கையைத் தூக்கினார். ஜெபா நிறுத்திக்கொண்டான்.

திரவியம் கேட்க விரும்பிய சொல் அதுதான். நேற்று இரவு அந்தச் சொல்லை நினைத்துத்தான் தூங்கினான். இப்போது தலையை ஆட்டினால் போதும். தன்னை நம்பவைத்துக்கொண்டு, சிரித்தபடி போய்ப் போட்டுவிடலாம். அவன் தலையை ஆட்டப் பார்த்தான். ஆடவில்லை.

"இல்ல மாஸ்டர்," என்றான். "நாம அறுபத்தொன்பது. அவங்க எழுபது."

"பலகையைப் பார்த்தியா?"

"பார்க்கல."

"அப்புறம்?"

"எண்ணினேன்."

"பயமா இருக்கா?"

"நிக்கவே முடியல மாஸ்டர்."

மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பந்து இவனுக்கு," என்று மற்ற நால்வரிடம் சொன்னார்.

காசிராஜன் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எறிந்தான். திரவியம் வாங்கினான். ரீகன் அவன் முன்னால் வந்து கையை விரித்தான். ரீகனின் உதடு அசைவது தெரிந்தது. திரவியம் இடது பக்கம் ஓரடி வைத்தான், திரும்பினான், எம்பினான். எழும்பும்போது அவனுக்கு எல்லாம் தெரிந்தது. ஒன்று கீழே இருப்பது தெரிந்தது. ஒரே ஒரு இடம் இருப்பது தெரிந்தது. நாற்காலியில் இருப்பவர் பேனாவோடு இருப்பது தெரிந்தது. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்பதும் தெரிந்தது. கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே போட்டான்.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு எழும்பியது. மறுபடி விளிம்பிலேயே விழுந்தது. ஒரு சுற்று ஓடியது. வெளியே விழுந்தது.

விசில் ஊதியது.

கை குலுக்குகிற வரிசையில் ரீகன் அவன் முன்னால் வந்தபோது நின்றான். ரீகனின் கை ஐஸாக இருந்தது. ஐஸ் எப்படி இருக்கும் என்று திரவியத்துக்குத் தெரியும்.

"விழுந்துரும்னு நெனச்சேண்ணே," என்றான் ரீகன். "இன்னும் நடுக்கம் நிக்கல."

கூட்டம் கலைந்தது. ஜெபா வந்து திரவியத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"சரி விடு மாப்ள. ஊமையாவே இருந்தாலும் நல்லாத்தான் இருந்த."

திரவியத்துக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

கோமதிநாயகம் நடந்து வந்தார். திரவியம் எழுந்து நின்றான். மாஸ்டர் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் அதிகாரி. "முந்தாநாள் கை நடுங்கவே இல்ல. இன்னைக்கு நான் உட்கார்ந்திருந்த இடத்துல இருந்தே தெரிஞ்சுது."

திரவியம் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் நிமிரவில்லை.

"சார்," என்றான், "முந்தாநாள் நான் பார்த்தப்ப பலகைல அறுபத்தொன்பதுன்னு மாட்டியிருந்துச்சு. ஆறைத் தலைகீழா மாட்டிட்டாங்க. உடனே திருப்பிட்டாங்க. நான் அதைப் பார்க்கல. ஜெயிச்சிட்டோம்னு நெனச்சுப் போட்டேன் சார்."

அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நூர்தீன் ஏணியைச் சாய்த்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"இதை நீ சொல்லாம இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம் சார். அப்புறம் எப்பத் தெரியுமோ எப்பத் தெரியுமோன்னு பயந்துட்டே தினமும் ஆபீசுக்கு வரணும்."

அதிகாரி மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்ப?"

"நேத்துக் காலைல சொன்னான்."

"தெரிஞ்சும் கடைசிப் பந்தை இவன்கிட்டயா கொடுத்தீங்க?"

"ஆமா."

"ஏங்க, நான் கேக்கறது கடைசி நேரத்துல போடற ஆள். மேல என்ன எழுதறது? முந்தாநாள் போட்டவனை எழுதறதா, இன்னைக்கு விட்டவனை எழுதறதா?"

மாஸ்டர் வலைப்பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

"முந்தாநாள் விழுந்துச்சு சார்," என்றார். "இன்னைக்குத்தான் இவன் போட்டான்."

காற்றில் கூடையின் வலை அசைந்தது. புதிதாக முடிந்த கயிறு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். இன்னொரு பையில் துழாவி, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்தார்.

"பேரு திரவியம்," என்றார். "இனிஷியல் என்ன தம்பி?"

திரவியம் மாஸ்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னான்.